பதினேழாம் எண் சுவர்

புதுப்பட்டினம் நிறுத்தத்தில் இறங்கி, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் திரும்பும் சந்துக்குள் நுழைந்ததும் முதலில் என்னை நிறுத்தியது வாசனைதான். வழக்கமாக அங்கே மீன் கழுவிய தண்ணீரும் கருவாடும் கலந்து மணக்கும். அன்றைக்குப் பச்சைச் சுண்ணாம்பு மணந்தது.

காலை எட்டு மணி இருக்கும். என் தோளில் பிளாஸ்டிக் குழாயால் செய்த சதுரச் சட்டம், பக்கத்துக்கு ஒரு மீட்டர். கையில் அட்டை, அட்டையில் படிவம், நூலில் கட்டித் தொங்கும் பென்சில். மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கோலத்தில் அந்தச் சந்துக்குப் போவேன். சுவரோரம் சட்டத்தை வைத்து, அதற்குள் தானாக முளைத்திருக்கும் செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் எழுதி எண்ணுவேன். அந்தச் சந்தில் மட்டும் எனக்குப் பன்னிரண்டு கட்டங்கள்.

அன்றைக்கு எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை.

இரண்டு பக்கச் சுவர்களும் கண் கூசும்படி வெளுத்திருந்தன. சுவரடி மண்ணை மண்வெட்டியால் வழித்து எடுத்திருந்தார்கள். குப்பைமேனி இல்லை, மூக்கிரட்டை இல்லை, விரல் நீளத்துக்கு ஒரு அருகம்புல்கூட இல்லை. நான் மஞ்சள் பெயிண்டில் போட்டிருந்த எண்களும் இல்லை. ஒரே ஒரு சுவரில் மட்டும் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து 17 என்பது மங்கலாகத் தெரிந்தது.

அந்தச் சுவர் ராணியக்காவுடையது. சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய இட்லிக் கடை. வியாபாரமெல்லாம் காலையில்தான், பதினோரு மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார்.

"இன்னாம்மா, பேயறைஞ்ச மாரி நிக்கிற? நாஸ்தா துன்னியா?"

"அக்கா, இங்க இருந்த செடியெல்லாம்…"

"நாங்கதான் சொரண்டிட்டோம். எவனோ ஒரு பேமானி வந்து செவுத்துக்கு செவுரு நம்பர் போட்டுட்டுப் போய்க்கிறான். ரோடு அகலம் பண்ணப் போறானுங்களாம். பொதரு மண்டிக் கெடந்தா ஆளில்லாத எடம், பொறம்போக்குன்னு எழுதிகினு பூடுவானுங்க. அதான் தெருவே சேந்து ஒரே நாள்ல வழிச்சுப் போட்டு வெள்ளையடிச்சிட்டோம். இப்ப வரட்டும். வூட்டுல ஆளு கீதா இல்லியான்னு கண்ணத் தொறந்து பாக்கட்டும்."

அந்தப் பேமானி நான்தான். ராணியக்காவிடம் அதைச் சொல்லாமல் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

ஹரிணியின் மஞ்சள்

வாராவாரம் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு ஹரிணியைத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில், வழிகாட்டிப் பேராசிரியரான மேடத்தின்கீழ் இரண்டே மாணவிகள். ஒருத்தி நான், இன்னொருத்தி ஹரிணி. நகரங்களில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், நடைபாதை வெடிப்பிலும் சுவரடியிலும் என்னென்ன செடி வருகிறது, எது நிலைக்கிறது, எது காணாமல் போகிறது என்பதுதான் எங்கள் இருவரின் ஆராய்ச்சியும்.

"காட்டுக்குப் போகாமல் சந்தில் என்ன செடி ஆராய்ச்சி?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். நாவலூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னால் பாய் மாதிரி புல் விரித்திருப்பார்கள். அதில் புல்லைத் தவிர ஒன்றும் இருக்காது. அதே கட்டடத்தின் பின்புறம், சாக்கடை மூடிக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் உள்ள விரலகல இடைவெளியில் குனிந்து பாருங்கள். பத்து வகைக்கு மேல் இருக்கும், அவற்றை நம்பி எறும்பும் வண்ணத்துப்பூச்சியும் இருக்கும். நாம் அனுமதிக்காத இடத்தில் யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை இது. என்னைத் தவிர வேறு யாருக்குப் பொருந்தும் என்று அப்போது நினைத்துக்கொள்வேன். இப்போதும் நினைக்கிறேன்.

இடத்தைப் பிரித்துக்கொண்டபோது நாவலூரும் புதுப்பட்டினமும் எனக்கு வந்தன. அணுபுரம் ஹரிணிக்கு. அவள் அப்பா அணு ஆராய்ச்சியில் விஞ்ஞானி, அவள் பிறந்து வளர்ந்தது அந்தக் குடியிருப்பில்தான். அவளுக்குக் களப்பணி என்றால் வீட்டு வாசலில் இறங்குவது. எனக்குச் செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ்.

என் கட்டத்தில் ஆட்டோ நிற்கும். மாடு மேயும். ஆண்கள் ஒதுங்குவார்கள். நாவலூரில் ஒரு காவலாளி என் சட்டத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "யார்கிட்ட பர்மிஷன் வாங்கின?" என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். ஹரிணியின் இடத்திலும் காவலாளிகள் உண்டு. "பாப்பா, வெயில்ல நிக்காத" என்று அவளுக்குக் குடை பிடிப்பார்கள்.

எங்கள் இருவரின் படிவங்களையும் மேடம் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைப்பார். அவளுடைய நாற்பது கட்டங்களில் ஒன்றுகூடக் காலியாக இருக்காது. என்னுடையதில் ‘வண்டி நின்றது’, ‘குப்பை கொட்டியிருந்தது’, ‘அடையாளம் கிடைக்கவில்லை’ என்று ஓட்டை ஓட்டையாக இருக்கும். உள்ளே நுழையும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும். டீ குடிக்கும்போதும் அங்கேதான் போகும்.

அடையாளம் கிடைக்காததற்குக் காரணம் உப்புக்காற்று. கட்டத்தின் மூலைக்கு நான் அடித்த ஆணிகள் சில மாதங்களிலேயே துருப்பிடித்து உதிர்ந்துவிடும். ஹரிணி என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். ஓரக்கல்லில் மஞ்சள் பெயிண்டால் உள்ளங்கை அளவுக்கு எண் போட்டிருந்தாள், அச்சில் வார்த்த மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. அதே கம்பெனி, அதே மஞ்சள், ஒரு டப்பா வாங்கினேன். அவளைவிடப் பெரிய பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கினேன்.

ஒரு நடுப்பகலில், சந்து முழுக்கச் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், பன்னிரண்டு சுவர்களிலும் முழங்கால் உயரத்துக்குப் பெரிது பெரிதாக எண் போட்டேன். முடித்துவிட்டு நின்று பார்த்தேன். அவளுடையதைவிட என்னுடையது பளிச்சென்று இருந்தது. ஒரு சின்ன விசில்கூட அடித்தேன்.

எங்கள் வாசலில் இருபத்து மூன்று

எனக்கு எண் என்றால் என்னவென்று தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் வீடு செங்கல்பட்டில் ஒரு ஏரிக்கரையில் இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவில் வெள்ளை பெயிண்டில் 23. பக்கத்து வீட்டில் 22, அதற்கு அப்பால் 21. காக்கிச் சட்டை போட்டவர்கள் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்களாம். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

அம்மா அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகவில்லை. மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். தேய்த்தார், தேய்த்தார், கதவின் நீலம் போய் மரம் தெரிகிறவரை தேய்த்தார். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு செடி விடாமல் பிடுங்கினார். சாணி கரைத்துத் தெளித்து வாசல் முழுக்கக் கோலம் போட்டார்.

"எதுக்கும்மா?"

"நாறிக் கெடந்தா நாதியில்லாத வூடுன்னு இடிச்சிடுவானுங்க. சுத்தமா இருந்தா யோசிப்பானுங்க."

முன்னால் இருந்த இரண்டு வரிசை வீடுகளை இடித்தார்கள். எங்கள் வரிசை தப்பியது. அளவுக்கோடு அங்கேயே நின்றுவிட்டதுதான் காரணம் என்று பின்னால் அப்பா விசாரித்துச் சொன்னார். அம்மா நம்பவில்லை. தான் தேய்த்ததால்தான் வீடு நின்றது என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அணுபுரத்தில் எண் என்றால் விலாசம். வீட்டுக்கு எண், தெருவிளக்குக்கு எண், வேப்பமரத்துக்குக்கூடத் தகரத்தில் எண் அடித்து மாட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு எண் கூடுதலாக வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புதுப்பட்டினம் சந்தில் எண் என்றால் என்ன என்று எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். ஹரிணியின் மஞ்சளைப் பார்த்த கண்ணுக்கு அம்மாவின் தேங்காய் நார் ஞாபகம் வரவில்லை.

பொறாமைக்கு மறதி ஜாஸ்தி.

பென்சில்

இட்லிக்குப் பிறகு நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அணுபுரம் போகிற பஸ் வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வருகிற சம்பளக்காரக் குடும்பங்களின் கார்கள் இல்லாத நாள், அதனால் சாலை காலியாக இருந்தது. மடியில் படிவம்.

மாத இறுதியில் எங்கள் இருவருக்கும் மதிப்பீடு இருந்தது. வெளியிலிருந்து மூன்று பேர் வந்து, இதுவரை எடுத்த கணக்கைப் பார்த்து, ஆராய்ச்சியைத் தொடரலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். வேண்டாம் என்றால் ஹரிணிக்கு இன்னொரு வழி இருக்கும். எனக்கு நாவலூரில் ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் போன் எடுக்கிற வேலை. அப்பா அந்தக் கட்டடங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஷிப்ட் வேன் ஓட்டுகிறார். ‘என் பொண்ணு செடி டாக்டருக்குப் படிக்குது’ என்று வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதே வேனில் நான் ஏற வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு கட்டங்கள் காலி. ஒன்றிரண்டு ஓட்டை என்றால் மன்னிப்பார்கள். பன்னிரண்டு?

களப்படிவத்தைப் பென்சிலால்தான் நிரப்புவோம். மழையில் நனைந்தால் மை கரையும், பென்சில் கரையாது. பென்சிலுக்கு இன்னொரு வசதியும் உண்டு, எதை எழுதினாலும் முடிவான மாதிரி இருக்காது.

அந்தச் சுவர்களில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் எண்ணியிருக்கிறேன். பதினேழில் மூக்கிரட்டை நான்கு, குப்பைமேனி ஏழு என்று எழுதினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று பதினெட்டில் ஒன்றைக் குறைத்தேன். ஒரு கட்டத்தில் ‘ஆடு கடித்த அடையாளம்’ என்று குறிப்புகூடச் சேர்த்தேன். அந்த ஆட்டை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது.

மத்தியானம் படிவத்தை மேடத்தின் மேசைத் தட்டில் வைத்தேன். முதல்முறையாக என் பக்கமும் ஓட்டையில்லாமல் இருந்தது.

அணுபுரத்தில் பிழை தேடியது

இரண்டு நாள் கழித்து மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை ஒருத்தர் இடத்தை ஒருத்தர் எண்ணுங்க. ஒரே கண்ணு பார்த்துக்கிட்டே இருந்தா பழகிடும். வெள்ளிக்கிழமை போயிட்டு வந்துடுங்க. நான் ஊர்ல இல்ல, திங்கட்கிழமை வந்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கறேன்."

உடனே எனக்குள் ஒரு பதில் தயாரானது. நான் எண்ணின பிறகுதான் சுரண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போகிறது?

வெள்ளிக்கிழமை நான் அணுபுரம் போனேன். ஹரிணி புதுப்பட்டினம் போனாள்.

அவள் அம்மா வாசலிலேயே மோரோடு நின்றார். "வாம்மா சுகந்தி. ஹரிணி உன்னைப் பத்திதான் எப்பப் பாரு பேச்சு" என்றார். கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் தாவரங்களைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்கள், உள்பக்கத்தில் அவள் அப்பாவின் கையெழுத்து. அவளுடைய முதல் செடிப் புத்தகம் அவள் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புத்தகம் என் ஒன்றாம் வகுப்புப் பாடநூல்.

"அப்பா என்ன பண்றார்?" என்று அவள் அப்பா கேட்டார்.

"வேன் ஓட்டறாரு" என்றேன். தேவைக்குமேல் சத்தமாக.

"ஓ, நல்லது" என்றார் அவர். அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கு நான் எண்ணிய மாதிரி என் சொந்தக் கட்டங்களில்கூட என்றைக்கும் எண்ணியதில்லை. மண்டி போட்டு, லென்ஸ் வைத்து, இலை இலையாகப் பார்த்தேன். நான் தேடியது செடியை அல்ல, அவள் பிழையை.

கிடைத்தது. அவள் ‘கீழாநெல்லி’ என்று எழுதியிருந்த மூன்று கட்டங்களில் இருந்தது கீழாநெல்லி இல்லை. அதன் ஒன்றுவிட்ட தங்கை. தண்டு சிவந்திருக்கும். காயைத் திருப்பிப் பார்த்தால் காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி, சொரசொரவென்று இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மண்டி போட்டால்தான் தெரியும்.

ஹரிணி மண்டி போடவில்லை! திரும்பி வரும் பஸ்ஸில் அந்த மூன்று கட்டங்களின் எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எந்தக் கட்டம்?"

அன்று சாயங்காலம் செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஹரிணி போன் பண்ணினாள்.

"சுகு, அந்தச் சந்துல ஒண்ணுமே இல்லடி."

"அப்படியா? நான் போனப்ப இருந்துச்சே. அப்புறமா வெட்டியிருப்பாங்க."



"ராணியக்கா கடையில காபி குடிச்சேன்" என்றாள். "செடி எண்ற பொண்ணு அன்னிக்கு வெள்ளையடிச்ச செவுத்தப் பாத்து பேஜாராயி நின்னுச்சு, ரெண்டு இட்லி குடுத்து அனுப்பினேன்னு சொன்னாங்க."

நிலையத்து இரைச்சல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"உன் ஷீட் மேடம் டேபிள்லதான இருக்கு? அவங்க இன்னும் பார்த்திருக்க மாட்டாங்க. காலையில போய் எடுத்துடு. மாத்தி எழுதி வெச்சுடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"நீ இன்னா எனக்குச் சொல்லிக் குடுக்கறது? நீ மட்டும் ஒழுங்கா? கீழாநெல்லின்னு எழுதிக்கினுகீறியே, அதுல மூணு கட்டம் தப்பு. தண்டு செவப்பு, காய்க்குக் காம்பே கெடையாது. ஒன்றரை வருஷமா தப்பா எழுதிகினு கீற, தெரியுமா ஒனக்கு?"

"ஐயோ, அப்படியா?" என்றாள். அடுத்த நொடி சிரித்தாள். "இரு இரு, பேனா எடுத்துக்கறேன். எந்தக் கட்டம்? சொல்லு."

சொன்னேன். எழுதிக்கொண்டாள். "சூப்பர்டி, நல்லவேளை இப்பவே பார்த்தே. திங்கட்கிழமை மேடம்கிட்ட சொல்லி எல்லாத்தையும் திருத்திடறேன். அப்பாகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பார்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் அவளுடைய வீட்டைப் பார்த்தும், அலமாரியைப் பார்த்தும், குடை பிடிக்கிற காவலாளியைப் பார்த்தும் பொறாமைப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒன்றரை வருடத் தப்பை ஒருத்தர் சொல்லும்போது ‘எந்தக் கட்டம்?’ என்று கேட்க அவளால் முடிகிறதே, அதுதான். அவள் தப்பு செய்தால் அது ஒரு தப்பு. நான் தப்பு செய்தால், ‘இதுங்களுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு’ என்று சொல்லக் காத்திருக்கும் எல்லோருக்கும் அதுவே சாட்சி. அதனால்தான் நான் ஆட்டையெல்லாம் கூட்டி வந்தேன்.

ஒரே கோடு

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். படிவம் தட்டில் அப்படியே இருந்தது. எடுத்தேன். அழிரப்பரையும் எடுத்தேன்.

அழித்துவிட்டால் முடிந்தது. மேடத்துக்குத் தெரியாது, மதிப்பீட்டுக் குழுவுக்குத் தெரியாது. ஹரிணிக்கு மட்டும் தெரியும். அவள் சொல்லவும் மாட்டாள். சாகும்வரை சொல்ல மாட்டாள். ஒவ்வொரு தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதும் அவள் சொல்லாமல் இருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

அதை மட்டும் என்னால் அனுமதிக்க முடியாது. படிவத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை மேடம் உள்ளே வந்ததும் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் டப்பாவிலிருந்து ஆடு வரைக்கும். நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். ஹரிணியின் கருணையில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானே கண்டுபிடிச்சிருந்தா இன்னிக்கே உன்னை அனுப்பியிருப்பேன். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"ரப்பர் வேண்டாம். இந்தா." சிவப்புப் பேனாவை நீட்டினார். "ஒவ்வொண்ணு மேலயும் ஒரே கோடு. அடியில இருக்கறதைப் படிக்க முடியணும். பக்கத்துல பூஜ்யம் போட்டு, கையெழுத்துப் போட்டு, ஏன்னு எழுது. இது ஃபைல்லயே இருக்கும்."

பன்னிரண்டு கோடுகள். பன்னிரண்டு பூஜ்யங்கள். ‘ஆடு கடித்த அடையாளம்’ மேல் கோடு போடும்போது மேடம் எட்டிப் பார்த்தார்.

"ஏன் சுரண்டினாங்கங்கறதை முழுசா எழுது. ஒரு சந்துல எல்லாச் செடியும் ஒரே நாள்ல போயிருக்கு. இனிமே எது முதல்ல திரும்பி வருதுன்னு வாரா வாரம் பார்க்கணும். குழுவுக்கு நானே விளக்கறேன்." படிவத்தை ஃபைலில் செருகினார். "ஆனா ஆறு மாசத்துக்கு நீ தனியா எண்ணக் கூடாது. ஹரிணி கூட வருவா. நீ ஒரு தடவை, அவ ஒரு தடவை. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

இதைவிட வெளியே அனுப்பியிருக்கலாம் என்று அந்த நிமிடம் தோன்றியது.

தேங்காய் நார்

ராணியக்காவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து சொன்னேன். ஹரிணி பின்னால் நின்றாள்.

"நீயா?"

"நான்தான்க்கா."

"ஏண்டி, படிச்ச பொண்ணுதான நீ? நம்பர் போட்டா வூட்டக் காலி பண்ணுவானுங்கன்னு தெரியாது ஒனக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா போட்ட!" கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. "எங்க மாமியா ரெண்டு நாளு சோறு துன்னல. எங்க போவோம், எங்க போவோம்னு பொலம்பிகினு கெடந்துச்சு. அந்தப் பக்கத்து வூட்டுக்காரன் பீரோவக் கட்டி வண்டியில ஏத்தப் பாத்தான். நீ செடி எண்றதுக்கு நாங்க சாவறதா?"

ஹரிணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

ராணியக்கா உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் தேங்காய் நார், இன்னொரு கையில் சின்ன பாட்டில். பாட்டிலைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாசனை.

"அந்தப் பதினேழு இன்னும் தெரியுது. அது அங்க கீற வரைக்கும் எங்க மாமியாளுக்குத் தூக்கம் வராது. தேய்."

தேய்த்தேன். சுண்ணாம்பு வந்தது, அடியிலிருந்த பழைய பச்சை வந்தது, மஞ்சள் மட்டும் லேசில் வரவில்லை. நல்ல கம்பெனி. "நானும் தேய்க்கறேன்" என்று ஹரிணி குனிந்தாள். "உன் வேலையப் பாரு" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து ராணியக்கா இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து சுவர் மேல் வைத்தார். ஹரிணிக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"இன்னாத்துக்குடி செடிய எண்ற?" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. சொன்னேன். பாதி கேட்டார். "எண்ணிக்க. நம்பர் கிம்பர் போட்ட, கைய ஒடச்சிடுவேன்."

அதற்குப் பிறகு அந்தச் சந்தில் எண் கிடையாது. ‘இட்லிக் கடைப் படிக்கு வலப்பக்கம் மூன்றாவது கல்’, ‘நீலக் கதவுக்கும் குழாய்க்கும் நடுவே’ என்று படிவத்தில் எழுதிக்கொண்டோம். அப்படித்தான் அந்தத் தெருக்காரர்களும் வழி சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தேச்சியே, போச்சா?"

"முழுசாப் போவல."

"போவாது" என்றார் அம்மா. என் கையை இழுத்து முகர்ந்து பார்த்தார். "போய் சோப்புப் போட்டுக் கழுவு."

முதலில் கண்டவர்

மதிப்பீட்டுக் குழு எங்கள் இருவரையும் தொடரச் சொன்னது. வாரா வாரம் போனோம். நான் ஒருமுறை எண்ணுவேன். பிறகு அவள் எண்ணுவாள். எல்லாம் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் இரண்டு கையெழுத்து. ராணியக்கா மாமியார் கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

படிவத்தில் மேடம் ஒரு புதிய பத்தி சேர்த்திருந்தார். எந்தக் கட்டத்தில் எந்தச் செடி முதலில் திரும்புகிறது, அதை முதலில் கண்டவர் யார். அந்தப் பத்தியின் முதல் வரியில் என் பெயர்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். என் சந்து, நான் கெடுத்த சந்து, நான் தேய்த்த சுவர்.

ஒரு மழைக்குப் பிறகான காலை. இட்லிக் கடைப் படிக்கு வலப்பக்கம், மூன்றாவது கல். மண்டி போட்டுப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஈர மண், சுண்ணாம்புச் செதில், ஒரு இறால் ஓடு. "பூஜ்யம்" என்று சொல்லி எழுந்தேன்.

ஹரிணி வந்தாள். முதல் தடவையாக அவளும் மண்டி போட்டாள். அதை நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன், கீழாநெல்லியால். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"சுகு, இங்க பாரு! அந்த ஓட்டுக்கு அடியில!"

இறால் ஓட்டை விரலால் நகர்த்தினாள். சிவப்பும் பச்சையுமாக இரண்டு இலை. மூக்கிரட்டை. மேலே வழித்தாலும் அதன் தடித்த வேர் ஆழத்தில் இருக்கும். அங்கேதான் தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓட்டை நகர்த்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"நீயே பார்த்ததா எழுதிக்கோடி" என்றாள் ஹரிணி. "உன்னோட சந்துதானே."

அவள் அப்படித்தான் சொல்வாள். அவளால் முடியும்.

அட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பென்சிலைக் கையில் எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். பையைத் துழாவிப் பேனாவைத் தேடி எடுத்து, ‘முதலில் கண்டவர்’ என்ற இடத்தில் ஹரிணி என்று எழுதினேன்.

பென்சிலால் எழுதியிருந்தால் என்றைக்காவது ஒருநாள் அழித்திருப்பேன்.